வாரித் தீராத கடல்

கண்ணி என்பது வேட்டுவர் சொல். பறவை இரை பொறுக்கும் இடத்தில் சுருக்கை விரித்து, மேலே சருகைத் தூவிவிட்டு வேடன் ஒதுங்கிக்கொள்வான். அம்புக்கும் ஈட்டிக்கும் இல்லாத ஒரு குணம் கண்ணிக்கு உண்டு. அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் வெறும் கயிறாகிப் போகும். கடலில் ஒளித்துவைக்கும் வெடிக்குக் கண்ணிவெடி என்று தமிழில் பெயர் அமைந்தது பொருத்தம்தான். இரும்புக் குடத்துக்குள் இருக்கும் வெடிமருந்தால் ஒரு கப்பலை மூழ்கடிக்க முடியும். அந்தக் குடம் எங்கே கிடக்கிறது என்று தெரியாதிருப்பது ஒரு துறைமுகத்தையே மூடிவிடும். கடல் கண்ணிவெடிகளை அகற்றிய வரலாற்றைப் பெரும்பாலும் கருவிகளின் போட்டியாகவே எழுதுகிறார்கள். புது வெடி வந்தது, அதை வெல்லப் புது உபாயம் வந்தது, அதை ஏமாற்ற இன்னொரு வெடி வந்தது என்று அந்தக் கதை போகும். அதில் பொய்யில்லை. ஆனால் கடந்த நூறு ஆண்டுக்கும் மேலான சான்றுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் அடியில் வேறொரு கதை ஓடுவது தெரிகிறது. கண்ணி வாரப் போனவர்கள் கடலிலிருந்து உண்மையில் அகற்ற முயன்றது ஐயத்தை. இரும்பை அகற்றுவது அதற்கு ஒரு வழி, அவ்வளவே. அந்த ஐயத்தை அவர்களால் குறைக்க முடிந்தது. ஒரு கடலிலும் அடியோடு போக்க முடியவில்லை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவலாக இருந்த வெடி எளிய அமைப்புடையது. கடலடியில் ஒரு கனமான நங்கூரம். அதிலிருந்து எழும் கம்பிவடம். வடத்தின் தலையில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மிதந்து நிற்கும் இரும்பு உருண்டை. உருண்டையின் மேல் ஈயக் கொம்புகள். ஒவ்வொரு கொம்புக்குள்ளும் ஒரு கண்ணாடிக் குப்பி, குப்பிக்குள் அமிலக் கரைசல். கப்பல் உரசினால் கொம்பு வளையும், குப்பி உடையும், கரைசல் மின்கலத்தில் பாயும், வெடி வெடிக்கும். 1904-ல் ரஷ்யாவும் ஜப்பானும் போர்ட் ஆர்தர் துறைமுகத்தைச் சுற்றி மோதிக்கொண்டபோது இந்த உருண்டையின் வலிமையை உலகம் கண்டது. ஏப்ரல் 13 அன்று ரஷ்யாவின் பெட்ரோபாவ்லோவ்ஸ்க் கப்பல் தளபதி மக்காரோவோடு மூழ்கியது. போர்க் காட்சிகளை வரைந்து புகழ்பெற்ற ஓவியர் வெரெஷ்சாகினும் அதில் இறந்தார். அடுத்த மாதம் 15 அன்று, ரஷ்யர் வைத்த வெடிகளில் ஜப்பான் ஒரே நாளில் ஹட்சுசே, யாஷிமா என்ற இரு பெருங்கப்பல்களை இழந்தது. இவை போரின் கணக்கு. சீனாவின் கணக்கு வேறு. போரில் சேராத அந்நாட்டின் கடலோரத்தில், வடம் அறுந்து மிதந்த வெடிகள் போர் முடிந்த பின்பும் மீனவரையும் சரக்குப் படகுகளையும் கொன்றன. 1907-ல் ஹேக் நகரில் கூடிய மாநாட்டில், 500 முதல் 600 பேர் வரை இறந்ததாகச் சீனத் தூதுக்குழு முறையிட்டது. அந்த மாநாடு இயற்றிய எட்டாவது உடன்படிக்கை, வடம் அறுந்த வெடி அக்கணமே செயலிழக்க வேண்டும் என்றும், போர் முடிந்ததும் அவரவர் வைத்ததை அவரவரே அகற்ற முயல வேண்டும் என்றும் விதித்தது. வைத்தவனுக்குத்தான் இடம் தெரியும் என்ற எளிய நியாயம் அந்த விதிக்குள் இருக்கிறது. அந்த நியாயம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதைப் பின்வந்த போர்கள் சோதித்தன.

அகற்றும் முறை மீனவரிடமிருந்து வந்தது. 1907-ல் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி சார்லஸ் பெரெஸ்ஃபோர்டு, கிரிம்ஸ்பி துறைமுகத்து இழுவலைக் கப்பல்களைப் பார்த்துவிட்டு, கண்ணி வாருவதற்கு இவையும் இவற்றின் ஆட்களுமே தகுந்தவர்கள் என்று பரிந்துரைத்தார். மறு ஆண்டு இரண்டு மீன்பிடிக் கப்பல்களைக் கொண்டு ஒத்திகை நடந்தது. 1910-ல் இழுவலை மீனவருக்கென்று ஒரு சேமப்படைப் பிரிவே உருவானது. இரண்டு கப்பல்கள் இணையாகச் செல்லும். நடுவே கம்பிவடம் தாழ்ந்து வரும். வெடியின் நங்கூரவடம் அதில் மாட்டி அறுபட்டால் உருண்டை மேலே எழும். அதைத் துப்பாக்கியால் சுட்டு மூழ்கடிப்பார்கள், அல்லது வெடிக்க வைப்பார்கள். தமிழகக் கரையில் இரட்டைமடி என்று வழங்கும், இப்போது தடை செய்யப்பட்டிருக்கும் மீன்பிடி முறையின் அதே வடிவம் இது. மடியின் இடத்தில் வெறும் வடம். முதல் உலகப்போர் முடிந்த பின், 1919-ல், ஒரொப்பேசா என்ற மீன்பிடிக் கப்பலில் செய்த சோதனையால் இணைக் கப்பலின் தேவை போயிற்று. பட்டம் போன்ற ஒரு பலகை வடத்தை ஆழத்தில் அமிழ்த்தும். இழுவலையின் பலகையை ஒத்த இன்னொன்று அதைப் பக்கவாட்டில் விரிக்கும். ஒரு மிதவை நுனியைக் காட்டும். மீனவர் இந்த வேலைக்குப் பொருந்தியதற்கு வடத்தைக் கையாளத் தெரிந்திருந்தது ஒரு காரணம். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தேடி ஒரே பரப்பில் கோடு கோடாக உழுது, எந்தக் கோடு முடிந்தது எது மிச்சம் என்று நினைவில் வைத்திருக்கும் பழக்கம் இன்னொரு காரணம். அன்றன்று வாரி முடித்த தடத்தின் ஓரத்தில் மிதவைகளை நட்டுக்கொண்டே போவார்கள். அந்த மிதவைகளுக்கு நடுவிலிருந்த நீர்தான் அவர்களுடைய அன்றைய விளைச்சல். கடல் முழுவதையும் யாரும் வாரியதில்லை. நம்பிப் போகக்கூடிய ஒரு பாதையைத்தான் உண்டாக்கினார்கள்.

அந்த நம்பிக்கை எவ்வளவு மெல்லியது என்பதற்கு டார்டனெல்ஸ் சாட்சி. 1915 மார்ச்சில் பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கப்பல்கள் அந்த நீரிணையை உடைத்துக்கொண்டு கான்ஸ்டாண்டினோபிளை அடைய முயன்றன. குறுக்கே வரிசை வரிசையாக வெடிகள் இருப்பது தெரிந்ததுதான். மீனவரின் கப்பல்கள் இரவில் அவற்றை வாரப் போயின. எதிர்நீரோட்டத்தில் அவற்றின் வேகம் நடை வேகத்துக்கு இறங்கியது. கரையிலிருந்து தேடுவிளக்குகள் அவற்றைப் பிடித்தன, பீரங்கிகள் சுட்டன. வெடியோடு போராடப் பழகிய ஆட்கள் குண்டுமழையில் திரும்பி வந்தார்கள். இந்தத் தோல்வி கண்ணெதிரே நடந்தது. தீர்ப்பெழுதிய தோல்வி யாரும் பார்க்காமல் நடந்தது. மார்ச் 8 அதிகாலையில் நுஸ்ரெத் என்ற சிறு துருக்கியக் கப்பல், முன்பே வாரப்பட்டதாகக் கருதப்பட்ட எரென்கோய் குடாவில் 26 வெடிகளை வைத்துவிட்டுப் போனது. அவற்றை நீரிணைக்குக் குறுக்கே வைக்காமல், எதிரிக் கப்பல்கள் திரும்பும் இடத்தைக் கவனித்து, கரைக்கு இணையாக வைத்தது. மார்ச் 18 அன்று பிரெஞ்சுக் கப்பல் பூவே அங்கே இரண்டே நிமிடங்களில் 600-க்கும் மேற்பட்டவர்களோடு மூழ்கியது; பிரிட்டிஷ் தரப்பில் இர்ரெசிஸ்டிபிள், ஓஷன் ஆகிய இரண்டும் போயின. இங்கே ஒருவர் மறுக்கலாம்: 600 பேரைக் கொன்றது ஐயம் இல்லையே, வெடிமருந்துதானே? உண்மை. சொல்லப்போனால், ஐயம் இருந்திருந்தால் அவர்கள் தப்பியிருக்கக்கூடும். ஐயம் இல்லாத இடத்தில்தான் அவர்கள் இறந்தார்கள். ஆனால் அடுத்து நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான கப்பல்கள் முழுதாகவே இருந்தன. இருந்தும் கடல் வழியாக உடைத்துச் செல்லும் முயற்சியை அந்தப் படை மறுபடி எடுக்கவில்லை. காலிப்போலியில் தரைப்படை இறங்கியது. மூன்று கப்பல்களை வெடிமருந்து மூழ்கடித்தது. மற்றவற்றை, இனி எந்த நீரை நம்புவது என்ற கேள்வி நிறுத்தியது.

அதே உத்தி நம் பக்கத்துக் கடலுக்கும் வந்தது. 465 வெடிகளோடு 1916 இறுதியில் ஜெர்மனியிலிருந்து புறப்பட்ட வுல்ஃப் என்ற வேடமிட்ட சரக்குக் கப்பல், நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்து 1917 பிப்ரவரியில் கொழும்புக்கும் பம்பாய்க்கும் வெளியே வெடிகளை வைத்தது. அம்மாதமே கொழும்புக்கு அருகில் வூஸ்டர்ஷயர், பெர்சியஸ் என்ற இரு கப்பல்கள் மூழ்கின. ஜூனில் பம்பாய்க்கு அருகே மங்கோலியா என்ற பயணிகள் கப்பல். வெடி வைத்தவன் அதற்குள் வேறொரு கடலுக்குப் போய்விட்டான். வைக்க ஓர் இரவு போதும். தேடுகிறவனுக்கு எத்தனை நாள் ஆகும் என்பதற்கு வரம்பில்லை, ஏனென்றால் எத்தனை வைக்கப்பட்டன என்பதே அவனுக்குத் தெரியாது.

அப்படியானால், எண்ணிக்கையும் இடமும் தெரிந்தால் ஐயம் தீர்ந்துவிடுமா? 1919-ல் வட கடல் இதற்கு விடை தந்தது. ஜெர்மன் நீர்மூழ்கிகளை அடைப்பதற்காக ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளுக்கும் நார்வேக்கும் இடையே அமெரிக்கரும் பிரிட்டிஷாரும் 1918-ல் ஏறத்தாழ 70,000 வெடிகளை வைத்திருந்தார்கள். அவற்றில் 56,000-க்கும் மேற்பட்டவை அமெரிக்கருடையவை. போர் முடிந்ததும் ஹேக் விதிப்படி அவற்றை அகற்ற அவர்களே வந்தார்கள். கையில் தங்கள் வரைபடம். வெடியின் உள்ளமைப்பு மனப்பாடம். ஆனால் அந்த வெடியின் சிறப்பே அவர்களுக்கு எதிராக நின்றது. அதிலிருந்து நீண்ட செம்புக் கம்பியை எஃகு உரசினாலே கடல்நீர் மின்கலமாகி வெடி வெடிக்கும். கப்பலும் எஃகு, வாரும் வடமும் எஃகு. முதலில் ரெட் ரோஸ், ரெட் ஃபெர்ன் என்ற இரண்டு மரப் பாய்க்கப்பல்களை அனுப்பிச் சோதித்தார்கள். பிறகு டட்லி நிக்கல்ஸ் என்ற இளம் கடற்படையாளர், கப்பலிலிருந்து மின்னோட்டம் செலுத்தி அந்த மின்வேறுபாட்டை ஈடுகட்டும் கருவியை அமைத்தார். பின்னாளில் ஹாலிவுட்டில் திரைக்கதை எழுதிப் புகழ்பெற்ற அதே நிக்கல்ஸ்தான். அப்படியும் ஒரு வெடி வெடித்தால் அண்டையிலிருந்தவையும் சேர்ந்து வெடித்துக் கப்பல்களை நொறுக்கின. ஜூலையில் ரிச்சர்ட் பல்க்லி என்ற கப்பல் மூழ்கியது. ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை வாரிய பின் பணி முடிந்ததாக அறிவித்தார்கள். ஆனால் வாரும்போது வெடித்தோ மேலெழுந்தோ கணக்கில் வந்தவை, வைத்தவற்றில் பாதிகூட இல்லை. மற்றவை முன்பே தாமாக வெடித்திருக்கும், மூழ்கியிருக்கும், அறுந்து போயிருக்கும் என்று கொண்டார்கள். அந்த ஊகம் பெருமளவு சரியாகவே இருக்கலாம். ஆனாலும் அது ஊகம். வைத்தவன், தன் வரைபடத்தோடு, பகைவன் யாரும் சுடாத கடலில், ஐந்து மாதம் உழைத்தும் கணக்கை ஓர் அறிவிப்பால்தான் நேர்செய்ய முடிந்தது.

இதற்கு அடுத்த தலைமுறை வெடிகள் வடத்தையே துறந்தன. 1939 இலையுதிர்காலத்தில் பிரிட்டிஷ் துறைமுக வாசல்களில், வாரி முடித்த பாதைகளிலேயே கப்பல்கள் மூழ்கத் தொடங்கின. வெடி கடலடியில் கிடந்தது. மேலே செல்லும் கப்பலின் இரும்பு உண்டாக்கும் காந்தப்புலத்தை உணர்ந்து வெடித்தது. அறுக்க வடம் இல்லாததால் முப்பது ஆண்டு வளர்த்த மீனவக் கலை ஓர் இரவில் பயனற்றுப் போனது. தத்துவம் புதிதன்று, பிரிட்டனே 1918-ல் காந்த வெடிகளைச் செய்து பெல்ஜியக் கரையோரத்தில் வைத்திருக்கிறது. எதிரியின் வெடி எப்படிப்பட்ட புலத்துக்கு, எவ்வளவு மாற்றத்துக்கு எழும் என்பதுதான் தெரியவில்லை. நவம்பர் 22 இரவு ஒரு ஜெர்மன் விமானம் ஷூபரினஸ் அருகே சேற்றுநிலத்தில் வெடிகளைத் தவறவிட்டது. மறுநாள் நீர் வற்றியபோது ஜான் ஊவ்ரி என்ற அதிகாரியும் பால்ட்வின் என்ற உதவியாளரும், காந்தம் பற்றாத பித்தளைக் கருவிகளால் ஒன்றைப் பிரித்தார்கள். தொலைவில் நின்ற இருவருக்கு, அடுத்து எதைத் தொடப் போகிறோம் என்று ஒவ்வொரு படியிலும் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் தொட்டார்கள். வெடித்தாலும் எதுவரை தெரிந்தது என்பது அடுத்தவனுக்குக் கிடைக்க வேண்டும் அல்லவா? அந்த ஒரு பிற்பகலின் அறிவிலிருந்து வேண்டியதெல்லாம் கிளைத்தது. கப்பல்களைச் சுற்றி மின்கம்பி ஓட்டி அவற்றின் காந்தத்தை ஈடுகட்டினார்கள். வெலிங்டன் விமானங்களில் ஏறத்தாழ 15 மீட்டர் அகல வளையத்தைப் பொருத்தி, மின்னோட்டம் பாய்ச்சித் தாழப் பறந்தார்கள். இரண்டு கப்பல்கள் பக்கம் பக்கமாக மிதக்கும் மின்வடங்களை இழுத்துச் சென்று, சீரான இடைவெளியில் கடல்நீரில் பெரும் மின்துடிப்பைச் செலுத்தும் முறை நிலைத்தது. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: வெடியிடம் "நான் கப்பல்" என்று பொய் சொல்வது.

பொய் சொல்லத் தொடங்கியதும், பொய்யைச் சோதிக்கும் வெடியும் வந்தது. 1940-ல் ஒலியைக் கேட்டு வெடிப்பது வந்தபோது, இரும்புப் பெட்டிக்குள் சம்மட்டி அடிக்கும் கருவியைக் கப்பலில் கட்டி அதற்கும் பொய்யொலி கொடுத்தார்கள். பிறகு எண்ணும் பொறி வந்தது. சில வெடிகள் பத்து முறைக்கு மேலும் தம்மேல் கப்பல் செல்ல விட்டுவிட்டு, அடுத்ததற்கு வெடித்தன. வாருவதன் பொருளையே தலைகீழாக்கியது இந்தச் சிறு பொறி. ஒரு பாதையில் ஒன்பது முறை போய் ஒன்றும் வெடிக்காவிட்டால், வெடி இல்லை என்றும் கொள்ளலாம், பத்தாவதற்குக் காத்திருக்கிறது என்றும் கொள்ளலாம். வெடித்தால்தான் செய்தி, வெடிக்காமை ஒன்றையும் நிரூபிக்காது. 1944 ஜூனில் நார்மண்டிக் கரையில் ஜெர்மனி இறக்கிய வெடியோ, கப்பல் கடக்கும்போது கடலடியில் குறையும் நீரழுத்தத்தை உணர்ந்தது. அந்த அழுத்தத்தைப் போலியாக உண்டாக்கக் கப்பல் அளவு பெரிய ஒன்றைத்தான் ஓட்ட வேண்டும். ஆகவே நேசநாட்டுக் கப்பல்கள் அந்த நீரில் ஊர்ந்து செல்லக் கட்டளை பிறந்தது. அகற்ற முடியாத வெடியோடு கூடி வாழும் ஏற்பாடு அது.

இவ்வளவு தயங்கினால் போர் நடத்த முடியுமா, துணிந்து போனவர்கள் இல்லையா என்று கேட்பவர்கள் அமெரிக்க உள்நாட்டுப் போரின் கடற்படைத் தளபதி ஃபாரகட்டைக் காட்டுவார்கள். 1864 ஆகஸ்டு 5 அன்று மொபைல் குடாவின் வாசலில் டெகம்சே என்ற கப்பல் கண்ணெதிரே மூழ்கியும், அவர் வெடிகளைப் பொருட்படுத்தாமல் படையை ஓட்டிச் சென்று வென்றார். கதை உண்மைதான். ஆனால் அதற்கு முன் பல இரவுகள் அவருடைய அதிகாரி படகில் போய் அந்த வெடிகளைத் தடவிப் பார்த்துவிட்டு வந்திருந்தார். நெடுநாள் நீரில் ஊறி அவற்றில் பல செத்திருக்கும் என்ற கணிப்பு ஃபாரகட்டிடம் இருந்தது. துணிவு என்று நாம் கொண்டாடுவது, முந்திய இரவுகளில் சேர்த்த அறிவின் மேல் நின்றது. அந்த அறிவைச் சேர்க்காதவனுக்கு நேர்வதை 1950 அக்டோபரில், கொரியப் போரில், வொன்சான் துறைமுகம் காட்டியது. வட கொரியா சாதாரணப் படகுகளிலும் தோணிகளிலும் ஏற்றிச் சென்று சுமார் 3,000 வெடிகளை அத்துறைமுகத்தில் வைத்திருந்தது. இரண்டாம் உலகப்போரில் பெரும்படையாக வைத்திருந்த கண்ணிவாரிகளை அமைதிக் காலத்தில் கலைத்துவிட்ட அமெரிக்கா, முன்னாள் எதிரியான ஜப்பானின் கண்ணிவாரிகளை இரகசியமாகத் துணைக்கழைக்க வேண்டியிருந்தது. அக்டோபர் 12 அன்று பைரேட், பிளெட்ஜ் என்ற இரு அமெரிக்கக் கண்ணிவாரிகள் மூழ்கின. தரையிறங்க வேண்டிய படை கடலில் மேலும் கீழுமாக அலைந்தது. அதற்குள் தென்கொரியப் படை தரைவழியாகவே ஊரைப் பிடித்துவிட்டது; கடற்படையினர் கரையேறுவதற்கு முன்பே நகைச்சுவை நடிகர் பாப் ஹோப் அங்கே நிகழ்ச்சி நடத்திவிட்டார். கண்ணிவாரிகளை ஏன் எல்லாக் கடற்படைகளும் இப்படிக் கைவிடுகின்றன? அவை ஆக்கித் தருவது நம்பிக்கை. அமைதிக் காலத்தில் அது கேட்காமலே கிடைப்பதுபோல் தோன்றுகிறது. புதுச்சேரி, கடலூர் என்றெல்லாம் நம் கரையூர்களின் பெயர் தாங்கிய இந்தியக் கண்ணிவாரிகளும், மாற்றுக் கப்பல் வருவதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டன.

இன்றைய காலத்துக்கு இந்த வாதம் பொருந்தாது என்பது அடுத்த மறுப்பு, வலுவான மறுப்பும்கூட. வாருவதைவிட வேட்டையாடுவதுதான் இப்போது முதன்மை முறை. காந்தம் பற்றாத மரத்தாலோ கண்ணாடி இழையாலோ கட்டிய கப்பல் சோனார் கொண்டு கடலடியைப் பார்க்கிறது. ஐயத்துக்குரிய பொருளைக் கண்டால் ஆளில்லாக் கருவியை அனுப்பிக் கண்ணால் சோதித்து அங்கேயே அழிக்கிறது. எண்ணும் பொறியை ஏமாற்றத் தேவையில்லை, வெடியையே நேரில் பார்த்துவிடலாம். இது பெரிய மாற்றம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் சோனார் தருவது ஒரு வடிவத்தின் நிழல். எண்ணெய்ப் பீப்பாயும் பாறையும் கைவிட்ட பொறியும் அதே நிழலைத் தருகின்றன. சேற்றில் புதைந்த வெடி நிழலே தராமல் போகலாம். ஆகவேதான் கடற்படைகள் இன்றும் அகற்றலின் அளவை விழுக்காட்டில் சொல்கின்றன. 1991 பிப்ரவரி 18 அன்று, ஈராக்குடனான போரின்போது, பாரசீக வளைகுடாவில் கண்ணி அகற்றும் ஹெலிகாப்டர்களைச் சுமந்து அப்பணிக்கே தலைமை தாங்கிய டிரிப்போலி கப்பல் ஒரு வெடியில் மோதியது. சில மணி நேரத்தில் பிரின்ஸ்டன் என்ற நவீனப் போர்க்கப்பல் இன்னொன்றில் சேதமடைந்தது. அடுத்த மாதம் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 686ஆம் தீர்மானம், வெடிகள் பற்றிய தகவல் அனைத்தையும் தர வேண்டும் என்று ஈராக்கிடம் கேட்டது. 1918-ல் ஜெர்மனி கையெழுத்திட்ட போர்நிறுத்த உடன்பாட்டிலும் அதே கோரிக்கை இருந்தது. எழுபது ஆண்டு அறிவியல் வளர்ச்சிக்குப் பிறகும், வென்றவன் தோற்றவனிடம் போய் "எங்கே வைத்தாய், சொல்" என்று கேட்க வேண்டியிருந்தது. நேற்றுவரை பகைவனாக இருந்தவன் சொல்லை நம்பித்தான் கப்பல் விட வேண்டும்.

அந்தச் சொல்லும் எங்கே முடிகிறது என்பதற்கு ஹைஃபோங் துறைமுகம் கடைசிச் சான்று. 1972 மே மாதம் அமெரிக்க விமானங்கள் அந்த வியட்நாமியத் துறைமுகத்தின் வாய்க்காலில் சில நிமிடங்களில் 36 வெடிகளை இட்டன. பின்னர் மற்ற நீர்வழிகளில் ஆயிரக்கணக்கில். 1973 ஜனவரியில் பாரிசில் கையெழுத்தான உடன்பாடு, இட்டவனே அகற்ற வேண்டும் என்றது. அகற்ற வந்தவர்களுக்கு இடம் தெரியும், வகை தெரியும். குறித்த காலத்தில் தானே செயலிழக்கும்படி வெடிகளை அமைத்ததும் அவர்களேதான். ஹெலிகாப்டர்கள் சறுக்குப் படகுகளை இழுத்து அந்த வாய்க்காலை மீண்டும் மீண்டும் வாரின. மார்ச் 9 அன்று ஒரே ஒரு வெடி வெடித்தது. மற்றவை செத்துவிட்டன என்பது கணக்கு. கணக்கை மட்டும் நம்பி எந்த மாலுமியும் வரமாட்டான். ஆகவே உடலுக்குள் நுரையை அடைத்து, மூழ்காதபடி செய்த வாஷ்டெனா கவுண்டி என்ற பழைய கப்பலை, தாமாக முன்வந்த ஒரு சிலர் அந்த வாய்க்காலில் ஓட்டிக் காட்டினார்கள். வரைபடமும் கருவிகளும் தந்த விடையை அந்தப் பழைய கப்பல் கடந்து போய்க் காட்டியபோதுதான் பாதை திறந்தது. வேடன் தானே வந்து கண்ணியைக் கழற்றிவிட்டேன் என்று சொன்னாலும், முதல் பறவை இறங்கி இரை பொறுக்கிய பிறகே மற்றவை இறங்குகின்றன.